ஐந்தாம் நம்பரில் ராணி குளித்த கதை

கோட்டைச் சுவரில் காவியால் எழுதியிருந்த அந்த அஞ்சாம் நம்பரைப் பார்த்துக்கொண்டு நாச்சிமுத்து சார் நின்றார். அவருக்குப் பின்னால் வாட்ச்மேன் இருதயராஜ். இருதயராஜுக்குப் பின்னால் நான், கையில் தென்னந்துடைப்பத்தோடு.

காலை பத்து மணி வெயில். வௌவால் புழுக்கை வாடை. சார் கைக்குட்டையை எடுத்து, தண்ணீரில் நனைத்து, விரலில் சுற்றி, அஞ்சின் வயிற்றை மெதுவாகத் தேய்த்தார். கைக்குட்டை லேசாகச் சிவந்தது. அஞ்சு அப்படியே இருந்தது.

"யாருங்க இதை எழுதினது?" என்றார்.

அவர் பொள்ளாச்சிப் பக்கத்து ஆள். எங்கள் டவுன்ஷிப் ஆபீஸில் அதிகாரி. கோபம் வந்தாலும் 'ங்க' போடாமல் பேசமாட்டார். அதனால் அவர் கோபமாக இருக்கிறாரா, டீ கிடைக்குமா என்று கேட்கிறாரா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளணும். அன்றைக்கு டீ கேட்கிற முகமாக இல்லை.

"எத்தனையோ தலைமுறையைப் பார்த்த சுவருங்க இது. மழைக்கு நின்னுச்சு, புயலுக்கு நின்னுச்சு. அதுல நம்ம ஆளே காவியைப் பூசி நம்பர் போட்டு வச்சிருக்கான். அடுத்த வாரம் தொல்லியல்காரங்க பார்க்க வர்றாங்க. யாருன்னு எனக்கு மத்தியானத்துக்குள்ள தெரியணுமுங்க."

சொல்லிவிட்டு இருதயராஜைப் பார்த்தார். இருதயராஜ் தன் கான்வாஸ் ஷூவைப் பார்த்தான். நான் வௌவாலைப் பார்த்தேன்.

எழுதினது நான்தான். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களைக் காக்கவைக்க எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அன்றைக்கு சாரைக் காக்கவைத்தேன். ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

எங்க ஊருக்கும் ஒரு கோட்டை

நெய்வேலி என்றால் எல்லோருக்கும் சுரங்கம், கரி, கரண்டு. கோட்டை இருக்கிறது என்று சொன்னால் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். கடைசி பிளாக்கைத் தாண்டி, முந்திரித் தோப்பு வழியாக மண் பாதையில் போனால் ஏரிக்கரையில் ஒரு மேடு வரும். கோட்டைமேடு என்போம். யாரோ ஒரு பாளையக்காரர் கட்டினது. யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள்.

ஒரு வாசல், முக்கால்வாசி நிற்கிற மதில். உள்ளே போனால் இந்தப் பக்கம் நாலு அறை, எதிர்ப்பக்கம் நாலு அறை. எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். பின்னால் இடுக்கு இடுக்காகச் சந்து, எந்தச் சந்து எங்கே விடும் என்று உள்ளே போய்த்தான் பார்க்கணும்.

சுரங்கத்தைப் பார்க்க வெளி மாநிலத்து விருந்தாளிகள் வருவார்கள். பள்ளத்தைப் பார்த்து முடித்ததும், அடுத்து எங்கே என்று கேட்பார்கள். அதற்காகத்தான் நிர்வாகம் கோட்டைமேட்டைச் சுத்தம் செய்து வைத்தது. ஞாயிற்றுக்கிழமையில் டவுன்ஷிப் குடும்பங்களும் ஸ்கூட்டரில் புளியோதரை கட்டிக்கொண்டு வரும்.

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் பர்மனென்ட். எனக்கு வீட்டில் சும்மா உட்கார முடியாது. பூங்கா செக்‌ஷனில் கான்ட்ராக்டில் சேர்ந்தேன். அங்கிருந்து கோட்டைக்கு அனுப்பினார்கள்.

கோட்டை வேலை லேசான வேலை இல்லை. செங்கல் சந்தில் அரசங்கன்று முளைக்கும். பிடித்து இழுத்தால் வேரோடு சேர்ந்து செங்கல்லும் வந்துவிடும். தரையோடு நறுக்கி, மறுபடி துளிர்க்கிறதா என்று வாரம் வாரம் போய்ப் பார்க்கணும். மதிலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது, சுண்ணாம்பு பெயர்ந்துவிடும். வௌவாலை விரட்டக் கூடாது, விரட்டினால் அடுத்த அறைக்குப் போய் அங்கேயும் அசிங்கம் பண்ணும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு தடவை கெடுத்து ஒரு தடவை கற்றுக்கொண்டேன்.

வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே. இரண்டாவது கேட்பது, இங்கே சினிமா எடுத்திருக்காங்களா. மூன்றாவதாக யாராவது ஒருவர் கேட்பார், இதைக் கட்டினது யார் என்று. அவருக்காகத்தான் நாங்கள் அத்தனை பாடுபட்டோம்.

நம்பர் தெரிந்தவள்

எங்கள் டவுன்ஷிப்பில் பெயரைச் சொன்னால் ஆள் தெரியாது. பிளாக், தெரு, குவார்ட்டர்ஸ் நம்பர் சொன்னால்தான் தெரியும். "யாரு, தனபாக்கியமா?" என்று யோசிக்கிறவள், நம்பரைச் சொன்னதும், "ஓ, வாசல்ல மருதாணி வச்ச வூடா" என்பாள். அந்த மருதாணி நான் வைத்தது.

வீடெல்லாம் ஒரே அச்சு. நாங்கள் குடிவந்த முதல் வாரம் என் வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்தவர், ஒரு தெரு முன்னாலேயே திரும்பிவிட்டார். கதவு திறந்திருந்தது. உள்ளே போய், தட்டு போட்டு மூடியிருந்த இட்லியைச் சாப்பிட்டு, கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார். அந்த வீட்டு அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு, தன் புருஷனோட சித்தப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்று நினைத்து, சத்தம் போடாமல் மத்தியானத்துக்கு மீன் குழம்பு வைத்தாள். இவர் எழுந்து அதையும் சாப்பிட்டுவிட்டுத்தான், "தனம், குழம்பு இன்னைக்கு நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தாராம்.

அந்தக் குழம்பைப் பற்றி இன்றைக்கும் பேசுவார். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அன்றிலிருந்து நம்பர் விஷயத்தில் நான் கெட்டி. பஸ் நம்பர், வீட்டு நம்பர், ரேஷன் கார்டு நம்பர், எதைப் பார்த்தாலும் ஒரு தடவைதான். நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும்.

எழுத்து ஒட்டவில்லை. ஒட்டுவதற்கு யாரும் எனக்குக் காட்டவே இல்லை. திருவதிகையில் நாங்கள் ஏழு பேர் பிள்ளைகள். நான்தான் மூத்தவள். பள்ளிக்கூடத்தின் வாசல் வரைக்கும் தம்பிகளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு ஆவுடையம்மா, திருநெல்வேலிக்காரி, சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீய?"

என் வாய் தானாகவே, "எட்டாவது" என்றது.

ஒன்பதாவது என்று சொல்லியிருக்கலாம். எட்டு போதும் என்று தோன்றியது. அன்றிலிருந்து நான் எட்டாவது படித்தவள். ஆவுடையம்மா வாராவாரம் பத்திரிகை கொடுப்பாள். நான் வாங்கிப் படம் பார்த்துத் திருப்பிக் கொடுப்பேன். "தொடர்கதை எப்படிப் போவுது, என்ன நெனைக்கிய?" என்பாள். "புருஷன் திரும்பி வருவான் பாருங்க" என்பேன். மூன்று தொடர்கதையில் சரியாக வந்தான். அதற்கப்புறம் ஆவுடையம்மா என்னைக் கேட்காமல் எந்தக் கதையையும் ஆரம்பிப்பதில்லை.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். "எட்டாவதுல உன் வாத்தியார் பேரு என்ன, தனம்?" என்று கேட்பார். வெளியே ஒருநாளும் மூச்சுவிட்டதில்லை. மீன் குழம்பு விஷயத்தில் அவர் என்னிடம் மாட்டியிருந்தார்.

கண்ணாடி வூட்டில் இருக்கு

கோட்டையில் எட்டு அறைக்கும் எட்டு போர்டு வந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து. பொடி எழுத்து. நட்டு முடித்ததும் நாச்சிமுத்து சார் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, நீங்க எட்டாவது படிச்சவங்கன்னு சொன்னாங்க. பெருக்கறதோட நிக்காதீங்க. வர்றவங்களுக்கு இந்தப் போர்டைப் படிச்சுக் காட்டி விளக்கிச் சொல்லுங்க."

வசமாக மாட்டிக்கொண்டேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், பெருமையாகவும் இருந்தது.

சார் போனதும் இருதயராஜிடம் போனேன். அவன் கடலூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம். கான்ட்ராக்டில் பதினாலு வருஷம் தள்ளியவன். அதற்கு முன்னால் சுரங்கத்து லாரிகளுக்கு நம்பர் எழுதும் பெயின்டரோடு இருந்தான். அச்சடித்த மாதிரி எழுதுவான்.

"இருதயம், என் கண்ணாடி வூட்டுல இருக்கு. இந்தப் போர்டுல என்னா எழுதிக்கீதுன்னு படிச்சுச் சொல்லுப்பா" என்றேன்.

அவன் தொப்பியைக் கழற்றினான். போர்டுக்கு நேராகப் போய் நின்றான். அறைக்குள் எட்டிப் பார்த்தான். திரும்பிப் போர்டைப் பார்த்தான். வெகுநேரம் ஆனது. நிதானமாகப் படிக்கிற ஆள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"இது குதிரை கட்டுற எடம்க்கா" என்றான்.

"அவ்ளோதானா? நெறய எழுதிக்கீதே."

"வெள்ளைக் குதிரை. அதுக்குக் கொள்ளு வைக்க நாலு ஆளு இருந்தாங்களாம்."

இப்படி எட்டு போர்டும் படித்துக் கொடுத்தான். ஒவ்வொன்றுக்கும் தொப்பி கழற்றினான். அஞ்சாவது அறையின் தரையில் ஒரு பள்ளமும் கால்வாய் மாதிரி ஒரு கோடும் இருக்கும். அங்கேதான் அதிக நேரம் நின்றான். அப்புறம் சொன்னான்: அது ராணி குளிக்கிற இடம், பன்னீர் கலந்த தண்ணியை ஏழு யானை சுமந்து வரும், கடைசியில் வருவது குட்டி யானை, அது வழியிலேயே பாதித் தண்ணியைக் குடித்துவிடும்.

"குட்டி யானை குடிச்சதெல்லாமா எழுதிக்கீது?"

"கவர்மென்ட்டு போர்டுக்கா. ஒண்ணு விடமாட்டாங்க."

இன்னொன்றும் சொல்லணும். அவனுக்கு ஊரிலிருந்து அண்ணன் கடிதம் போடுவார். என்னிடம்தான் கொண்டு வருவான். "கண்ணுல தூசு விழுந்துடுச்சு, நீ படிக்கா" என்பான். நான் கண்ணாடி வூட்டுல இருக்கு என்பேன். இரண்டு பேருமாகக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் என் வீட்டுக்காரரிடம் கொடுப்போம். அவர் கட்டிலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். இப்படி வருஷக்கணக்கில் நடந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எட்டுக் கதையையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். கஷ்டம் வேறு. எட்டு அறையும் ஒரே அச்சு, எட்டு போர்டும் ஒரே நீலம். எதிர்ப்பக்கமிருந்து வந்தால் எது எது என்று குழம்பும். ஒருநாள் ஐதராபாத்துக்காரர்களை வெள்ளைக் குதிரை கட்டும் இடத்தில் நிறுத்தி ராணியைக் குளிக்கவைத்துவிட்டேன்.

நம்பர் இருந்தால் இந்தத் தொல்லை உண்டா? டவுன்ஷிப்பில் பெரியவர் யாராவது வருகிறார் என்றால் மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பும் காவியும் பட்டை அடிப்போம். மிச்சக் காவி அரை வாளி இருந்தது, மழைக்குப் போகாமல் ஒட்டுவதற்கு வச்சிரப் பசை கலந்தது. ஒரு விடுமுறை நாளில், மத்தியானம், வேப்பங்குச்சியில் துணி சுற்றி, ஒவ்வொரு அறை வாசலிலும் ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் எழுதினேன். என் வீட்டுச் சுவரில் நம்பர் எழுதியிருக்கும் அதே உயரத்தில். பார்க்க லட்சணமாக இருந்தது. இது தப்பு என்று எனக்கு ஒரு நொடி கூடத் தோன்றவில்லை. நம்பர் இல்லாமல் ஒரு சுவரை விட்டு வைத்ததுதான் தப்பு என்று தோன்றியது.

அம்பு விட்ட நெஞ்சு

ஆனால் அதே கோட்டையில் சுவரில் எழுதுகிறவனைப் பிடிப்பதும் என் வேலைதான். காதலிக்கிற பையன்கள் கரித்துண்டால் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். எழுத்து எதுவாக வேணுமானாலும் இருக்கட்டும், பக்கத்தில் வரைந்த அம்பு விட்ட நெஞ்சு எனக்குப் புரியும். கையும் களவுமாகப் பிடித்து, தேங்காய் நாரும் தண்ணீரும் கொடுத்து, அவனையே அழிக்கச் சொல்வேன். பக்கத்தில் அந்தப் பொண்ணு நிற்கணும். அவள் முன்னால் அவள் பெயரையே அவன் தேய்த்து அழிக்கணும். அதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரியவில்லை.

ஒருத்தன் கேட்டான்: "அந்த அஞ்சு மட்டும் யார் எழுதினது ஆயா?"

"அது ஆபீஸ் நம்பரு. நீ தேய்."

வந்தவர்களுக்கெல்லாம் நம்பர் பிடித்துப்போனது. "நாங்க மூணுல இருக்கோம், சாப்பாட்டுக் கூடையோட ஆறுக்கு வந்துடு" என்று குரல் கொடுப்பார்கள். டவுன்ஷிப்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே. "ராஜா இருந்தது என்ன டைப் குவார்ட்டர்ஸ் ஆயா?" என்று கேட்பார்கள்.

படித்தவர்கள் யாரும் போர்டைப் படிப்பதில்லை. பக்கத்தில் ஒருத்தி விரலை வைத்து வாசித்தால் அவள் வாயைத்தான் பார்க்கிறார்கள். ஒரே ஒரு டீச்சரம்மா மட்டும் அஞ்சாவது போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போர்டைப் பார்த்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "சூப்பர்ம்மா" என்றார். நான் வீட்டுக்கு வந்து அதை இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லிஸ்ட்டில் இருந்த பெயர்

இப்போது அந்தக் காலை பத்து மணிக்குத் திரும்பி வருகிறேன். போர்டு நட்டதற்கு அப்புறம் சார் கோட்டைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

சார் இருதயராஜைப் பார்த்தார் என்றேன் இல்லையா. காரணம் இருந்தது. அந்த மாதம்தான் கான்ட்ராக்ட் ஆட்களைப் பர்மனென்ட் ஆக்கும் லிஸ்ட் வந்திருந்தது. வாட்ச்மேன் லிஸ்ட்டில் இருதயராஜ் பெயர் இருந்தது. பதினாலு வருஷம் கழித்து. வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டிருந்தான். வேறொன்றும் கேட்கமாட்டார்கள், எழுதப் படிக்கத் தெரிந்திருக்கணும், பெயரில் கறை இருக்கக் கூடாது.

"நீங்கதானுங்க லாரிக்கு நம்பர் எழுதினவர்?" என்றார் சார்.

"ஆமாங்க சார். ஆனா இது நான் எழுதலீங்க."

"இந்தக் கோட்டையில இருக்கறது ரெண்டே பேரு. அம்மணி படிச்சவங்க. போர்டு படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு நம்பர் எதுக்குங்க? எனக்கு வேற வழியில்லைங்க. லிஸ்ட்டுலருந்து பேரை எடுத்துட்டு மெமோ குடுக்கணும்."

இருதயராஜ் என்னைப் பார்க்கவில்லை. நான்தான் எழுதினேன் என்று அவனுக்குத் தெரியும். காவி வாளியைத் தூக்கிக் கொடுத்ததே அவன்தான். ஆனாலும் சொல்லவில்லை.

நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன்.

"நான்தாங்க எழுதினேன்."

சார் சிரித்தார். "கூட வேலை செய்யறவர்மேல பாசம் இருக்க வேண்டியதுதானுங்க அம்மணி."

"பாசம் இல்லீங்க. நெசமாலுமே நான்தான். எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. போர்டுல என்ன இருக்குதுன்னு தெரியாது. எது எதுன்னு ஞாபகம் வச்சுக்கத்தான் நம்பரு."

இருபத்தைந்து வருஷமாகக் காப்பாற்றிய எட்டாவது வகுப்பு அந்த இடத்தில் போனது என்று நினைத்தேன்.

போகவில்லை. ஒருத்தரும் நம்பவில்லை.

முதலில் நம்பாதவன் இருதயராஜ். "அக்கா, எனக்காக ஏன்க்கா இப்படிப் பேசற? எட்டாவது படிச்சவ, படிக்கத் தெரியாதுன்னு சொல்றியே. கேக்கறவன் சிரிப்பான்."

"இல்லப்பா, தெரியாது."

"விருந்தாளிங்க புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்காங்களுங்க" என்றார் சார். "அந்தம்மா போர்டை என்ன அழகா வாசிச்சாங்கன்னு. சரி, இதை வாசிங்க பார்க்கலாம்." அஞ்சாவது போர்டைக் காட்டினார்.

எனக்குத் தர்மசங்கடம். சொன்னால் படிக்கத் தெரிந்தவள் ஆகிவிடுவேன். சொல்லாவிட்டால் நடிக்கிறேன் என்பார். யோசித்துக்கொண்டே போர்டுக்கு முன்னால் போனேன். அங்கே போய் நின்றதும் பழக்க தோஷம், விரல் தானாக எழுந்தது, வாய் தானாகத் திறந்தது.

"இது அரசியார் குளிக்கும் இடம். பன்னீர் கலந்த தண்ணீரை ஏழு யானைகள் சுமந்து வரும். கடைசியாக வருவது குட்டி யானை. அது பாதி வழியிலேயே பாதித் தண்ணீரைக் குடித்துவிடும்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். போர்டைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தேன். குட்டி யானை வந்ததும் அவர் தோள் குலுங்கியது. அப்புறம் அவரே விரல் வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார்.

"அறிவிப்பு. கோட்டைச் சுவர்களில் எழுதுவது, வண்ணம் பூசுவது குற்றம். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

போர்டுக்கு ஒரு சாண் தள்ளி, காவியில், அழகான அஞ்சு.

நான் இருதயராஜைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கையில் தொப்பி இருந்தது. எப்போது கழற்றினான் என்று தெரியவில்லை. கழுத்துவரைக்கும் சிவந்து போயிருந்தான். அந்த ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. அண்ணன் கடிதம், கண்ணில் தூசு, போர்டுக்கு முன்னால் அவன் நின்ற வெகுநேரம். அதெல்லாம் படிக்கிற நேரம் இல்லை. யானையைத் தேடுகிற நேரம்.

"இந்தக் கதையை உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்றார் சார்.

எழுதப் படிக்கத் தெரிந்திருக்கணும், பெயரில் கறை இருக்கக் கூடாது.

"யாரும் சொல்லலீங்க. நானே கட்டினது."

"எட்டுமா?"

"எட்டும்தாங்க."

"யானைகூடவா?"

"யானை முதல்கொண்டு."

இருதயராஜ் ஒரு அடி முன்னால் வந்தான். "சார், அது வந்து..."

துடைப்பத்தை எடுத்து அவன் ஷூமேல் ஒரு போடு போட்டேன். "வாட்ச்மேனு இங்க என்னா பண்ணிக்கினு நிக்கற? கேட்டுல ஆள் வர்ற சத்தம் கேக்கல? போ."

கேட்டில் ஒரு ஆளும் இல்லை. அவன் போனான்.

நாச்சிமுத்து சார் ராணி குளிக்கும் இடத்தின் படியில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அதில் காவி இருந்ததால் கண்ணைச் சுற்றிச் சிவந்துபோய், வெளியே போகும்போது அழுதவர் மாதிரி போனார். கோட்டைக்கு வந்திருந்த இரண்டு குடும்பம் அவரைப் பார்த்து வழிவிட்டு நின்றது.

ஆறா, ஏழா

எனக்கு இரண்டு தண்டனை. எழுதினதை நானே அழிக்கணும். சாயங்கால எழுத்து வகுப்புக்குப் போகணும்.

நாலு நாள் தேங்காய் நாரும் தண்ணீருமாகத் தேய்த்தேன். கம்பி பிரஷ் கூடாது, அவசரம் கூடாது. மூன்றாம் நாள், முன்பு அஞ்சைப் பற்றிக் கேட்ட அந்த அம்பு விட்ட நெஞ்சுக்காரன் வந்தான், அதே பொண்ணோடு, கல்யாணம் ஆகி. நான் தேய்ப்பதைப் பார்த்து, "என்னா ஆயா, நீயும் யார் பேரையாவது எழுதிட்டியா?" என்றான். தாத்தா பேர் என்று சொல்லி அனுப்பினேன்.

தொல்லியல்காரர்கள் வந்தார்கள். சுவர் சுத்தமாக இருந்தது. சாருக்குத் திருப்தி. அவர்களைப் பின்பக்கச் சந்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். கால் மணி நேரம் சத்தமில்லை. செல்போன் எல்லாம் எங்கள் ஊருக்கு வராத காலம். அப்புறம் எங்கிருந்தோ அவர் குரல் வந்தது.

"அம்மணி, நான் ஆறுல இருக்கேனுங்களா, ஏழுலயா?"

அடுத்த மாதம் எட்டு சிமென்ட் கல் வந்தது. சுவரைத் தொடாமல், அறைக்கு முன்னால் மண்ணில் நட்டார்கள். அதில் நம்பர் எழுதினவன் இருதயராஜ். பர்மனென்ட் வாட்ச்மேன் இருதயராஜ்.

துணைக்கு வந்தவன்

எழுத்து வகுப்பு எங்கள் பிளாக்கிலேயே ஒரு ஹாலில் நடந்தது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனால், கரும்பலகை பக்கத்தில் நிற்கிறாள் ஆவுடையம்மா. அவள்தான் கற்றுக்கொடுக்கிறவள்.

"வாங்க வாங்க. நீங்களும் கத்துக்குடுக்க வந்தீயளா? ஒத்தாசைக்கு ஆள் இல்லாம தவிச்சிக்கிட்டிருந்தேன்."

திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. செருப்பு பக்கத்தில்தான் இருந்தது.

"கத்துக்க வந்தேன்" என்றேன்.

ஆவுடையம்மா சாக்குக்கட்டியைக் கீழே வைத்தாள். "அப்போ அந்தத் தொடர்கதை எல்லாம்?"

"படத்தைப் பார்த்துச் சொன்னேன்."

"படத்தைப் பார்த்தே மூணும் சரியாச் சொன்னீயளா?" என்றாள். அதில் மரியாதை குறையவில்லை, கூடித்தான் இருந்தது. முன்வரிசையில் இடம் போட்டாள்.

மூன்றாம் நாள் வாசலில் நிழல் விழுந்தது. இருதயராஜ். காக்கிச் சட்டை, கையில் தொப்பி.

"என்னாப்பா?"

"வூட்டுக்குத் தனியாப் போவியேன்னு துணைக்கு வந்தேன்க்கா."

சாயங்காலம் அஞ்சரை மணி. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. என் வீடு நாலு வாசல் தள்ளி. அவன் சட்டைக்குள் நோட்டுப் புத்தகம் புடைத்துக்கொண்டிருந்தது.

"சரி, வாசல்ல நின்னுகினு இருந்தா காலு வலிக்கும். உள்ள வந்து குந்து" என்றேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தான். ஆறு மாதம் ஒருநாள் தவறாமல் துணைக்கு வந்தான்.

எழுத்து கூட்ட வந்ததும் நான் முதலில் படித்தது கோட்டைப் போர்டுகளைத்தான். எட்டில் மூன்றுதான் கோட்டையைப் பற்றி. மீதியெல்லாம் எச்சில் துப்பாதே, குப்பை போடாதே. வெள்ளைக் குதிரை கட்டின இடத்தில், புல்லை மிதிக்காதே என்று இருந்தது. அப்புறம் உள்ளதை உள்ளபடி வாசித்துக் காட்டினேன். அஞ்சாம் நம்பர் கல்லுக்கு முன்னால் வந்ததும் பழைய ஆட்கள், "யானை எங்க ஆயா?" என்பார்கள். "போர்டுல இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி யானையையும் சொல்லிவிடுவேன். போர்டில் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால் அது பொய்யில் சேராது.

இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று இருதயராஜிடம் கேட்கணும் இல்லையா. அவன் ரிட்டயர் ஆகி இப்போது குள்ளஞ்சாவடியில் இருக்கிறான். போன வாரம் பஸ் ஏறிப் போனேன். எழுதின தாள்களைக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு, விரல் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை அவனே படித்தான். தலையில் தொப்பி இல்லை, கண்ணில் தூசு இல்லை. ஷூமேல் துடைப்பம் விழுந்த இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தினான். மூக்கை உறிஞ்சினான். மறுபடி படித்தான்.

முடித்துவிட்டுத் தாள்களை அடுக்கினான்.

"எல்லாம் சரியா எழுதிக்கீற. போடச் சொல்லு. ஒரே ஒரு தப்புதான்க்கா. யானை ஏழு இல்ல, ஒம்போது."

"இல்லப்பா, ஏழுதான்" என்றேன். "போர்டுலயே அப்படித்தான் இருந்துச்சு."